எட்டுச் சுற்று

பச்சையப்பனின் வலது தோள் எப்போதோ போய்விட்டது. ஆம்பூரில் கலீமுல்லா சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் பதினெட்டு வருஷம் டிரம்மைச் சுற்றிச் சுற்றிப் போன தோள் அது. ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் மர டிரம். உள்ளே ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறும் வெள்ளாட்டுத் தோல்கள். கைப்பிடிக்கு இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். நிமிஷத்துக்கு எட்டுச் சுற்று. வேகம் கூடினால் தோல்கள் முறுக்கிக்கொண்டு கிழியும், குறைந்தால் பட்டைச் சாறு இறங்காது. கடிகாரம் எவரிடமும் கிடையாது. அந்த எட்டு, பச்சையப்பனின் கையில் இருந்தது. மற்ற மூவரும் அவர் கையைப் பார்த்துச் சுற்றினார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தில் ஷாப்புக்கு சிங்கிள் பேஸ் மின்சாரம் வந்தது, கூடவே ஒரு மோட்டாரும் வந்தது. மற்ற மூவரும் வேலை போய் ஜோலார்பேட்டைக்கு மூட்டை தூக்கப் போனார்கள். மோட்டாரைப் பார்த்துக்கொள்ளப் பச்சையப்பனை மட்டும் சாயபு நிறுத்திக்கொண்டார். ஸ்விட்சைப் போட வேண்டும், பெல்ட்டைக் கவனிக்க வேண்டும், மற்ற நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கலாம். ஸ்டூல்! ஷாப்புக்குள் அவர் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. அந்த வாரம் தோளுக்கு எண்ணெய் தேய்க்காமலே தூங்கினார். இனிச் சாகும்வரை அந்த ஸ்டூல் போதும் என்று இருந்தது அவருக்கு.

ஆனால் மோட்டாருக்குத் தெரிந்தது ஒரே வேகம்தான். டிரம் பதினான்கு சுற்றுச் சுற்றியது. தோல்கள் கயிறு கயிறாக முறுக்கிக்கொண்டு வெளியே வந்தன.

"டிரம் பக்கத்துல பெல்ட் ஓடுற சக்கரத்தப் பெரிசா மாத்திட்டா வேகம் கம்மியாய்டும் சாயபு. மரத்துலயே செஞ்சிடலாம்" என்றார் பச்சையப்பன்.

"அதெல்லாம் இன்னாத்துக்கு?" என்று குறுக்கே வந்தார் சாயபுவின் மகன் ரஃபி அகமது. மதராஸில் படித்துவிட்டு வந்தவர். "நம்ம வூட்டு ஃபேனுக்கு ரெகுலேட்டர் இருக்குதில்ல? அதே மாதிரி பெரிசா ஒண்ணு மாட்டினா முடிஞ்சுது."

மாட்டினார்கள். விசிறி சுமப்பது வெறும் காற்றை. மோட்டார் சுமப்பதோ ஈரத் தோலையும் தண்ணீரையும். மின்சாரத்தைக் குறைத்ததும் அதற்குத் தெம்பு போய்விட்டது. முனகியது, திணறியது, நின்ற இடத்திலேயே சூடேறிப் புகைந்தது. பச்சையப்பன் ஓடி ஸ்விட்சை அணைப்பதற்குள் உள்ளே இருந்த கம்பிச் சுருள் கருகிவிட்டது. படித்தவருக்கே விசிறியும் டிரம்மும் ஒன்றாகத் தெரிந்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

புதுச் சுருள் கட்ட மோட்டார் மதராஸுக்குப் போனது. டிரம்மில் கிடக்கும் தோலை அப்படியே விட முடியாது. ஆள் அனுப்பி மூவரையும் வரவழைத்தார்கள். பச்சையப்பன் மறுபடி கைப்பிடியைப் பிடித்தார். ஒரு மாதம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். சாப்பாட்டு நேரத்தில் தச்சரோடு உட்கார்ந்து, உடைந்த பலகைகளைக் கொண்டு அந்தப் பெரிய சக்கரத்தைச் செய்து முடித்தார்.

மோட்டார் திரும்பி வந்த அன்று கலீமுல்லா சாயபு அந்த மாதத்துத் தோல்களை விரித்துப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"மோட்டார் கெணத்துக்குப் போவட்டும். தண்ணி எறைக்க எவ்ளோ வேகம் இருந்தாலும் நல்லதுதான். தோலுக்கு ஒன் கைதான்யா பச்சையப்பா!" உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார். அந்த வலது தோளிலேயே தட்டியும் கொடுத்தார்.

"சக்கரம் செஞ்சி வச்சிருக்கேன் சாயபு..."

"அது கெடக்கட்டும்."

பச்சையப்பனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கண்ணில் பட்டைத் தூசு விழுந்ததுபோல் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவி ராஜம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கொஞ்சம் வேகமா சுத்தி நாலு தோலக் கிழிச்சிருந்தா, இன்னிக்கு ஸ்டூல்ல ஒக்காந்திருக்கலாமே! அது கூடவா தெரியாது?"

"சுத்திப் பாத்தேன் ராஜம்மா" என்றார் அவர். "ஒருநாள் பூராவும் பாத்தேன். கை தானா எட்டுக்கே வந்துடுச்சு."

மறுநாள் காலை கிணற்றடியில் மோட்டார் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பச்சையப்பன் ஸ்டூலைச் சுவரோரம் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார். மற்ற மூவரும் அவர் கையைப் பார்த்தார்கள்.