ஓட்டில்லாதவளின் நான்கு சீட்டுகள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மின்சார பில்லுக்கும் பீட்சா கடை விளம்பரத்துக்கும் நடுவே நகராட்சியிலிருந்து ஓர் உறை வந்திருந்தது. இந்த அமெரிக்க நகரத்துக்கு வந்து ஆறு வருடமாகியும் நகராட்சி உறை என்றால் எனக்கு உடனே பிரிக்க மனம் வராது. குப்பைத்தொட்டியைத் தப்பான நாளில் வெளியே வைத்ததற்கு ஒருமுறை அபராதம் கட்டியவள் நான். பயந்துகொண்டே பிரித்தால் உள்ளே நான்கு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் என் பெயரும் முகவரியும் அச்சாகியிருந்தன. கீழே, ‘வேட்பாளர் பெயர்’ என்று போட்டு ஒரு காலிக் கோடு. நகர்மன்றத் தேர்தலில் நிற்பவர்களில் எனக்குப் பிடித்தவர் பெயரை எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டுக்குரிய டாலரை நகராட்சியே அவருடைய தேர்தல் செலவுக்குத் தந்துவிடுமாம். எல்லாம் வரிப்பணம். வேட்பாளர் நமக்குக் கொடுப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். நாம் வேட்பாளருக்குக் கொடுப்பதற்கு நகராட்சி நம் கையில் கொடுக்கும் கூத்தை இங்கேதான் பார்க்கிறேன்.

என் கணவர் விழுப்புரத்துக்காரர். எதையும் நம்ப மாட்டார். “இன்னா ஃபிராடோ, கையெழுத்து கிய்யெழுத்து போட்டுக்கினு இருக்காத” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அந்தச் சனிக்கிழமையே ஒரு பெண்மணி கதவைத் தட்டினார். பெயர் லிண்டா, ஐம்பது வயதிருக்கும், நகரப் பேருந்து ஓட்டுகிறவர். எங்கள் வட்டாரத்தில் நிற்கப் போவதாகச் சொன்னார். பழக்க தோஷம், நான் முதலில் அவர் கையைத்தான் பார்த்தேன். நோட்டீஸும் பேனாவும் தவிர ஒன்றுமில்லை. அவர் கேட்டது என் கையெழுத்தையும் பத்து டாலரையும். நான், “எனக்கு ஓட்டு இல்லை” என்றேன். அவர் அதை ‘உனக்கு என் ஓட்டு இல்லை’ என்று எடுத்துக்கொண்டார் போல. முகம் வாடாமல், “பரவாயில்லை, மற்றவர்கள் சொல்வதையும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்” என்று படியிறங்கிவிட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. பின்னாலேயே ஓடிப்போய், நான் இந்த நாட்டுக் குடிமகள் இல்லை, நிரந்தரமாகத் தங்கும் அட்டைதான் இருக்கிறது என்று விளக்கினேன். அவர் சிரித்தார். “அதனால் என்ன? உங்கள் வீட்டுக் குப்பையையும் லாரி எடுக்க வேண்டும்தானே? இங்கே குடியிருந்தால் போதும்.”

வாசலில் நின்றபடியே விதிகளைச் சொன்னார். சீட்டு வாங்க விரும்பும் வேட்பாளர் பெரிய கம்பெனிக்காரர்களிடம் கை நீட்டக் கூடாது. செலவுக்கு ஒரு வரம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் முன்னால், வீடு வீடாகப் போய் இத்தனை பேரிடம் கையெழுத்தும் சின்னத் தொகையும் வாங்கிக் காட்ட வேண்டும். காட்டினால்தான் சீட்டு செல்லும். “இது இல்லையென்றால் பஸ் ஓட்டுகிறவள் எங்கே தேர்தலில் நிற்பது?” என்றார். கையெழுத்துப் போட்டேன், பத்து டாலரும் கொடுத்தேன். ஒரு சீட்டில் அவர் பெயரையும் எழுதிக் கொடுத்தேன். அவர் போன பிறகு சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். அழுகை லிண்டாவுக்காக வரவில்லை.

என் அக்கா அமுதா திண்டிவனத்தில் தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். ஜெராக்ஸ் என்பது பெயருக்குத்தான். ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பட்டா மாற்றம் என்று ஊரில் பாதிப் பேரின் மனுவை நிரப்பிக் கொடுப்பவள் அவள். போன நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். “மனு எழுதி எழுதிக் கை தேஞ்சிபோச்சு, இந்த ஒருவாட்டி நானே நிக்கறேன்” என்று சுயேச்சையாக இறங்கிவிட்டாள். நோட்டீஸ் மட்டும் விழுப்புரத்தில் அச்சடித்தாள். மைக் கட்டின ஆட்டோ ஒன்று, கூட வர நாலு பெண்கள், அவ்வளவுதான் அவளுடைய படை.

மூன்றாம் நாள் எனக்கு போன் செய்தாள். குரலே சரியில்லை. “தெருவுக்கு நாலு பேரு ஆரத்தி கலக்கிக்கினு நிக்கறாங்கடி. குங்குமம் வெச்சி வுட்டுட்டு தட்ட நீட்டறாங்க. நான் கும்புடு போட்டுட்டு வர்றேன். கொஞ்சம் பணம் அனுப்பறியா?”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? அனுப்பியிருக்க வேண்டும். என்னிடம் இருந்தது. ஆனால் நான் அப்போது புதிதாக வெளிநாட்டு ஞானம் வந்தவள். ஓட்டுக்குக் காசு கொடுப்பது தப்பு, அதற்கு நான் துணை போக மாட்டேன் என்று அரை மணி நேரம் அவளுக்குப் பாடம் நடத்தினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், “ஓட்டு வாங்க ஆயிரம் ரெண்டாயிரம் தர்றவங்க வேற ஆளுங்கடி. நான் கேட்டது தட்டுல போட பத்து ரூபா. அந்தத் தட்டு எதுர்ல வெறுங்கையோட நின்னு பார்த்தாத்தான் உனக்குப் புரியும்” என்று சொல்லி வைத்துவிட்டாள். மறுநாள் அவள் போன தெருக்களில் தட்டு எதுவும் வரவில்லையாம். இந்த அம்மா ஒன்றும் போடாது என்ற செய்தி அவளுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. தட்டோடு சேர்த்துக் கதவுகளும் மூடிக்கொண்டன.

பதினேழு ஓட்டில் தோற்றாள். என் பெயர் இன்னும் அந்த வார்டுப் பட்டியலில்தான் இருக்கிறது. வீடு வீடாகக் கொண்டுபோன பட்டியலில் என் பெயருக்கு நேராக, தனக்குரிய ஓட்டு என்று, முதல் நாளே அக்கா டிக் அடித்து வைத்திருந்ததை, கூடப் போன பெண் ஒருத்தி பிற்பாடு சொன்னாள். ஓட்டு இருக்கும் ஊரில் என்னால் போட முடியவில்லை, கேட்டதைக் கொடுக்கவும் மனம் வரவில்லை. அதன்பின் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசினோம், சாப்பிட்டாயா என்ற அளவில்.

லிண்டா வந்துபோன மறுநாள் நானே அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே காலை, கடை திறக்கும் நேரம். சீட்டு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, விதிகளைத்தான் ஒப்பித்தேன். அவளும் பழசைப் பேசவில்லை. “கவர்மெண்டே குடுத்துடுதா? ஜெயிக்காதவங்களுக்குமா?” என்று இரண்டு முறை கேட்டாள். பிறகு யாருக்கோ நகல் எடுக்கப் போனாள். ஜெராக்ஸ் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. “நல்லாத்தான் யோசிச்சிக்கிறாங்க” என்றாள். “அந்த பஸ் ஓட்டற அம்மா ஜெயிச்சா சொல்லு.”

போனை வைத்ததும் இரண்டாவது சீட்டை எடுத்தேன். ‘வேட்பாளர் பெயர்’ என்ற கோட்டில், ஆங்கிலத்தில், அழுத்தமாக அக்காவின் பெயரை எழுதினேன். கணவர் எட்டிப் பார்த்து, “தோ, இது செல்லாது” என்றார். செல்லாது என்று எனக்கும் தெரியும். இருந்தும் கையெழுத்துப் போட்டு, தபால் பெட்டிவரை நடந்துபோய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

பத்து நாளில் திரும்பி வந்தது. கூடவே ஒரு மரியாதையான கடிதம்: நீங்கள் குறிப்பிட்ட பெயரில் இந்நகரில் வேட்பாளர் எவரும் பதிவு செய்யவில்லை, சீட்டு இன்னும் உங்களுடையதே, தகுதியுள்ள வேறொருவருக்கு வழங்கலாம். இரண்டையும் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. அவள் பெயரை வைத்து விளையாடிவிட்டேனோ என்று பயந்துகொண்டிருந்தேன். பிறகு குரல் செய்தி வந்தது. மனு நிரப்பும் அமுதாவின் குரல், கொஞ்சம் கரகரத்திருந்தது.

“இன்னாடி எழுதிக்கிற? எத்தினிவாட்டி சொல்லிக்கிறேன். இனிஷியல் போடல. அதான் திருப்பிட்டாங்க.”

கல்யாணத்துக்குப் பிறகும் அப்பாவின் எழுத்தையே வைத்திருப்பவள் அவள். பேனாவைத் தேடியெடுத்து, அவள் பெயருக்கு முன்னால் அந்த எழுத்தைப் போட்டேன். சீட்டு இப்போது எங்கள் ஃப்ரிட்ஜின் கதவில் ஒட்டியிருக்கிறது, மேலே இந்த ஊர் முகவரியோடு என் பெயரும், கீழே என் வார்டு வேட்பாளரின் பெயரும்.