நான் கழித்துப் போட்ட சேணம்

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. ஆம்பூர் பைபாஸை ஒட்டி, குதிரைச் சேணம் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனியில் அப்போது நான் செக்கிங்கில் இருந்தேன். கம்பெனி பெயரையோ ஆட்களின் பெயரையோ சொல்லப் போவதில்லை. சொல்ல ஆரம்பித்தால் கூடவே நாலு கெட்ட வார்த்தையும் வந்துவிடும், அதை அச்சில் போட முடியாது.

என் வேலை இதுதான். தைத்து முடித்த சேணம் கடைசியாக என் மேஜைக்கு வரும். அதைக் கவிழ்த்துப் போட்டு, குதிரையின் முதுகெலும்புக்காக நடுவில் விட்டிருக்கும் பள்ளத்தில் நூல் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே இருக்கும் மரக்கூடு கொஞ்சம் கோணியிருந்தாலும் சேணம் ஒரு பக்கமாகவே உட்காரும், குதிரையின் முதுகைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட பீஸுக்குப் பக்கவாட்டுத் தோலின் உள்பக்கத்தில் துளை போடுகிற உளியான பஞ்ச்சை வைத்துச் சுத்தியலால் ஒரு அடி. துளை விழுந்தால் அது ஏற்றுமதிக்குப் போகக் கூடாது. செக்கிங்கில் இருந்த மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வடிவம் கொடுத்திருந்தார்கள், யார் கழித்தது என்று தெரிவதற்காக. என்னுடையது முக்கோணம்.

என் மகள் அப்போது காலேஜில் இரண்டாம் வருடம். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தபோது வேலூர் பக்கம் ஒரு குதிரைப் பயிற்சி மையத்துக்கு முகாம் கூட்டிப்போனார்கள். முகாம் முடிந்தது, இவள் முடிக்கவில்லை. ஞாயிறுதோறும் போய் லாயம் கழுவிக் கொடுத்து, அதற்குப் பதிலாகச் சவாரி கற்றுக்கொண்டாள். இரண்டே வருடத்தில் தடை தாண்டுகிற போட்டியில் பரிசு வாங்குகிற அளவுக்கு வந்துவிட்டாள். பிறகு மையத்தை மூடிவிட்டு அவர்கள் ஊரை விட்டே போனார்கள். போகும்போது, இவள் வழக்கமாக ஓட்டுகிற சுல்தானா என்ற செவலைக் குதிரையை, "தீனி போட முடிஞ்சா வெச்சுக்கோ, இல்லைன்னா வித்துடுவோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

யானையைக் கட்டித் தீனி போடுவது பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். குதிரையைக் கட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். கொள்ளு, ஓட்ஸ், தவிடு, புல் ஒரு பக்கம். லாடம், பூச்சி மருந்து, டாக்டர் இன்னொரு பக்கம். ஆம்பூரில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிற ஒரு பாய், தன் கொட்டகையில் இடம் மட்டும் சும்மா கொடுத்தார். மற்றதெல்லாம் நாங்கள். லாரி ஓட்டுகிற வீட்டுக்காரர் பத்து நாளைக்கு ஒருமுறை வந்து என் சம்பளம் எங்கே என்று கேட்டால், குதிரை சாப்பிட்டது என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. மூன்று மாதத்தில் மாநில அளவு சவாரித் தேர்வுப் போட்டி. அதுவரையாவது குதிரையைக் காப்பாற்றியாக வேண்டும், அதற்கு யாராவது ஸ்பான்சர் செய்ய வேண்டும். அவ்வளவுதான் எங்கள் பிரச்சினை.

அலைந்தோம். மகள் வாங்கிய சர்டிபிகேட்டுகளை ஒரு ஃபைலில் போட்டுக்கொண்டு, ஆம்பூர், வாணியம்பாடி, திருப்பத்தூர் என்று கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு ஜவுளிக்கடைக்காரர் ஃபைலைத் திறக்காமலே, "புள்ளைக்கு நக சேக்கறத உட்டுட்டு குதிரைக்குக் கொள்ளு சேக்கறியேம்மா" என்று சிரித்தார். இன்னொருவர், "இதெல்லாம் பணக்காரங்க வெளாட்டு, உங்களுக்கு இன்னாத்துக்கு?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பணக்கார வீட்டுக் குதிரைகள் சுமக்கிற சேணத்தைத் தைக்க எங்கள் கை வேண்டும், அதில் ஏறி உட்கார எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு ஆசை மட்டும் கூடாதா?

இந்த விஷயம் எப்படியோ எங்கள் கம்பெனி மேனேஜர் காதுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் கூப்பிட்டார். ஆறு மாதத்துக்குத் தீனி, லாடம், டாக்டர் செலவு எல்லாம் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார். பதிலுக்கு ஒன்றே ஒன்று. சேணம் வாங்குகிற வெளிநாட்டு பையர்கள் வருகிற நாளில், எங்கள் சேணத்தைப் போட்டு மகள் குதிரை ஓட்ட வேண்டும், போட்டோ எடுப்பார்கள். சேணம் தைக்கிறவள் மகள், அதே சேணத்தில் சவாரி. கேட்கவே நன்றாகத்தான் இருந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது நான் அழுதுகொண்டே போனேன். அந்த அழுகையை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்கு வெறுப்பு வருகிறது.

குறித்த நாள் காலையில் பாய் குதிரையை மினி டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார். கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் காலி மைதானத்தில் இரண்டு கம்பத்தை நட்டுத் தடை கட்டியிருந்தார்கள். சேணத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். புதுசு, பளபள என்று இருந்தது. பழக்கதோஷம், நான் பக்கத் தோலைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு இடம் மட்டும் மினுமினுப்பு கம்மியாக இருந்தது. தடவினேன். மூன்று மூலை.

தோல் துண்டு வைத்து அடைத்து, சாயம் பூசியிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் மரக்கூடு கோணல் என்று நானே கழித்துப் போட்ட பீஸ் அது.

மேனேஜரைத் தனியாகக் கூப்பிட்டேன். "சார், இது நான் ரிஜக்ட் பண்ண பீஸு. முதுகுல போடக் கூடாது."

"நல்ல பீஸெல்லாம் பேக் ஆயிடுச்சும்மா. பையர் ஆர்டர் குடுத்த மாடல்ல இது ஒண்ணுதான் வெளிய இருக்குது. பத்து நிமிஷம் போட்டோவுக்கு இன்னா ஆயிடப் போவுது?"

"குதிரைக்கு வலிக்கும் சார்."

அவர் சிரித்தார். பக்கத்தில் நின்ற சூப்பர்வைசரைப் பார்த்துக்கொண்டே, "கொள்ளுன்னா வாயத் தொறக்கறாங்க, கடிவாளம்னா மூடிக்கறாங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஸ்பான்சர் வேணுமா வேணாமா, இப்பவே சொல்லிடு" என்றார்.

நான் திரும்பி நடந்து குதிரையின் பக்கத்தில் போய் நின்றேன்.

மகள் சேணத்தைக் குதிரை மேல் போட்டு வாரை இறுக்கினாள். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஏறுவதற்கு முன்னால், நான் பக்கத்தில் இருந்தால், என்னைத்தான் கேட்பாள். போட்டி நடத்துகிற இடத்தில் பெரிய பெரிய ஆட்கள் நின்றாலும் என் வாயால் கேட்டால்தான் அவளுக்குத் திருப்தி. அன்றைக்கும் திரும்பிக் கேட்டாள்.

"சரியா இருக்குதாம்மா?"

நான் தலையாட்டினேன்.

பத்து நிமிடம் என்றார்கள். பையர்கள் வரவே ஒரு மணி நேரம் ஆனது. அதுவரை வெயிலில் சேணத்தை அவிழ்க்க விடவில்லை, போட்டோக்காரர் வெளிச்சம் பார்க்கிறேன் என்று இவளை மேலேயே உட்காரவைத்து இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றார். சுல்தானா காதைப் பின்னால் மடித்து, வாலை வெடுக் வெடுக் என்று அடித்தது. பாய் இரண்டு தரம் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பையர்கள் வந்து நின்றதும், தாண்டச் சொன்னார்கள். முதல் முறை தாண்டியது. இன்னொரு தரம் என்றார்கள். ஓடிவந்த குதிரை தடைக்கு முன்னால் சட்டென்று நின்று முதுகை உதறியது. மகள் கழுத்து வழியாகச் சரிந்து மண்ணில் விழுந்தாள். முழங்கை முழுக்கத் தேய்ந்து ரத்தம். எலும்பு முறியவில்லை, அது யார் செய்த புண்ணியமோ, என்னுடையது இல்லை.

அவள் எழுந்ததும் கையைப் பார்க்கவில்லை. நேராகப் போய்ச் சேணத்தைக் கழற்றினாள். முதுகின் இடது பக்கம், தோள் எலும்புக்குப் பின்னால், உள்ளங்கை அளவுக்கு முடியோடு தோல் உரிந்து, ஈரமாகச் சிவந்திருந்தது. அவள் சேணத்தைக் கவிழ்த்தாள். பக்கத் தோலைத் தூக்கினாள். வெயிலிலும் வியர்வையிலும் ஊறி, அடைத்திருந்த துண்டு பாதி வெளியே வந்திருந்தது. சின்ன வயதில் என் பஞ்ச்சை எடுத்துக் காகிதத்தில் முக்கோணம் முக்கோணமாக வெட்டி விளையாடியவள் அவள்.

"இது உன் பஞ்ச்தானேம்மா?"

"ஆமா."

"தெரிஞ்சேவா தலையாட்டுன?"

நான் அவள் முழங்கை ரத்தத்தைத் துடைக்கக் கை நீட்டினேன். பாய் பக்கத்தில் வந்து, குதிரையின் முதுகில் ஈரத்துணியைப் போட்டபடி மெதுவாகச் சொன்னார். "குதிரைக்கு வாய் இல்ல தங்கச்சி. உனக்கு இருந்துது இல்ல?" அவர் கத்தியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

சாயந்திரமே மேனேஜரிடமிருந்து போன். பையர் முன்னால் கம்பெனி பேரைக் கெடுத்துவிட்டாள், ஸ்பான்சரும் இல்லை ஒன்றும் இல்லை என்றார். குதிரைக்கு முதுகு புண்ணாகிவிட்டது, டாக்டர் செலவாவது கொடுங்கள் என்றேன். ஓட்டத் தெரியாதவளை ஏற்றினால் அப்படித்தான் என்று வைத்துவிட்டார். தேர்வு அதோடு போயிற்று. டாக்டர் வந்து பார்த்துவிட்டு இரண்டரை மாதத்துக்கு முதுகில் ஒரு துணிகூடப் போடக் கூடாது என்றார்.

மறுநாள் வேலைக்குப் போனேன். என் மேஜையில் சேணங்கள் வரிசையாக இருந்தன. மூன்றாவது பீஸை எடுத்ததுமே கைக்குத் தெரிந்துவிட்டது. துடைத்து, பாலிஷ் போட்டு, துளையை மறுபடி அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஓரத் தையலில் செவலை முடி ஒன்று மாட்டிக்கொண்டிருந்தது. சுல்தானாவின் முடி.

சூப்பர்வைசர் வந்து, "ஷிப்மென்ட்ல ஒரு பீஸ் குறையுதுக்கா. பாஸ் பண்ணிடுங்க, மேனேஜர் சொல்லிட்டாரு" என்றார்.

பாஸ் பண்ணினேன். எப்படித் தெரியுமா? பஞ்ச்சை எடுத்தேன். பக்கத் தோலின் உள்பக்கம் இல்லை, உட்காருகிற இடத்தில், நட்டநடுவில் வைத்து அடித்தேன். அப்புறம் அதற்குப் பக்கத்தில். அப்புறம் முன்பக்கம். எந்தத் துண்டை வைத்தும் எந்தச் சாயத்தைப் பூசியும் மறைக்க முடியாதபடி அடித்தேன். ஹாலில் மெஷின் ஒவ்வொன்றாக நின்றது. மேனேஜர் ஓடிவந்து பைத்தியமா உனக்கு என்று கத்தினார். நேற்று அடிக்க வேண்டியதை இன்றைக்கு அடிக்கிறேன் சார் என்றேன். பஞ்ச்சை மேஜை மேல் வைத்துவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கொஞ்சம்கூடப் பயம் இல்லை. முந்தின நாள் எங்கே போயிருந்தது அந்தத் தைரியம் என்றுதான் வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே நடந்து போனேன்.

இப்போது வாணியம்பாடியில் ஒரு சின்ன யூனிட்டில் பெல்ட் செக்கிங் பார்க்கிறேன். சம்பளம் முன்னைவிடக் கம்மி. ஸ்பான்சர் என்று இன்றுவரை யாரும் வரவில்லை. பாயின் கொட்டகையில் மகள் ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக் கொடுக்கிறாள், அந்தக் காசு சுல்தானாவின் வயிற்றுக்குப் போகிறது. இழுத்துப் பறித்து ஓடுகிறது. அடுத்த வருடம் தேர்வுக்குப் போய் மூன்றாவதாக வந்தாள், அது வேறு கதை. புண் ஆறிய இடத்தில் முடி வெள்ளையாக முளைத்திருக்கிறது. இனி அது செவலையாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அந்த மேனேஜரை எங்காவது பார்த்தால் இன்றைக்கும் என் கை பரபரக்கும். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அவர் கேட்டது ஒரு பொய், அவ்வளவுதான். அதைச் சொன்னது என் தலை.

மகள் என்னை ஒருநாளும் திட்டவில்லை. பழையபடி எல்லாம் பேசுகிறாள், சிரிக்கிறாள், தேர்வுக்குப் போனபோதும் என்னைத்தான் கூட்டிப்போனாள். ஆனால் ஏறுவதற்கு முன்னால் தானே குனிந்து, சேணத்துக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்துக்கொள்கிறாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன், சரியாக இருக்கிறதா என்று என்னைக் கேட்பதில்லை, அதை மறுபடி கேள் என்று சொல்லும் உரிமையும் எனக்கு இல்லை.