அவருக்கான அலமாரி

கீரனூரில் வீடு கட்டிப் பூச்சு வேலையும் முடிந்த பிறகு, உள்வேலைக்கு ஒரு இன்டீரியர் டிசைனரை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னது என் கணவர்தான். சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பத்தொன்பது வருடங்களாக வேலை பார்த்துவந்தார். பொங்கலுக்குள் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவதாகப் பேச்சு. நான் குன்றாண்டார்கோவில் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படித்தாள். அந்த வீட்டில் நாங்கள் இருவரும்தான் வாழப்போகிறோம் என்று நம்பியிருந்தேன்.

டிசைனர் திருச்சியிலிருந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். முதல் நாள் சுவரை அளப்பாள் என்று நினைத்தேன். அவளோ நோட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தாள்.

"சார் காலைல எத்தனை மணிக்கு எந்திரிப்பாங்க மேடம்? காபி எங்க உக்காந்து குடிப்பாங்க? சட்டைய மடிச்சு வைப்பாங்களா, ஹேங்கர்ல மாட்டுவாங்களா?"

எதற்கும் எனக்கு உறுதியான பதில் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வந்து முப்பது நாள் இருப்பார். அந்த முப்பது நாளும் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று ஓடிவிடும். சட்டைகள் பெட்டியிலேயே கிடக்கும். துணி மாட்டும் கம்பியை வைப்பதற்காக அவர் உயரத்தைக் கேட்டாள். என் நெற்றி அவர் தோளில் படும் என்று சொல்ல வாயெடுத்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டேன்.

"பரவால்ல மேடம், சார்கிட்ட நானே வாட்ஸ்அப்ல கேட்டுக்கறேன்" என்றாள்.

அன்று வாடகை வீட்டுக்குப் பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அவமானமாக இருந்தது. கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. இனிமேல் எல்லாவற்றையும் தெரிந்துகொள்ளலாம் அல்லவா.

அடுத்த சில மாதங்கள் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று சொல்ல இப்போது கூச்சமாக இருக்கிறது. அவள் கம்ப்யூட்டரில் வரைந்து அனுப்பிய படங்களை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் காட்டினேன். ஒரு படத்தில் கிழக்கு ஜன்னலோரம் இரண்டு நாற்காலிகள் போட்டிருந்தாள். அதை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்தேனோ. வீடியோ காலில் அவள் அவரிடம் எது கேட்டாலும், "டீச்சருக்குப் புடிச்ச மாதிரி செஞ்சுருங்க" என்பார். அதை அன்பு என்று எடுத்துக்கொண்டேன்.

சமையலறை முடிந்தது. கூடம் முடிந்தது. படுக்கையறை மட்டும் அப்படியே நின்றது. ப்ளைவுட் வரவில்லை என்பாள், அளவில் ஒரு சந்தேகம் என்பாள்.

"சாரு வர்றதுக்குள்ள முடிக்கணும்மா. ஒனக்கு வெளையாட்டா இருக்கா?" என்று ஒருநாள் சத்தம் போட்டேன். அவள் தலை குனிந்துகொண்டாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், தச்சர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அடுக்கி வைத்திருந்த பலகைகளின் மேல் என்னை உட்காரச் சொன்னாள்.

"சார் மூணு வாரத்துக்கு முன்னாடி போன் பண்ணாங்க மேடம். அவங்களுக்கு அலமாரி வேணாமாம். எல்லாத்தையும் மேடத்துக்கு மட்டும் பாத்துச் செய்யச் சொன்னாங்க."

"வேலைய நீட்டிச்சிருப்பாங்க" என்றேன்.

"இல்ல மேடம். இங்க வந்து இருக்கப்போறதில்லன்னாங்க. நானே சொல்லிக்கிறேன், நீங்க சொல்லிராதீங்கன்னாங்க. சொல்லிருப்பாங்களான்னு தினமும் உங்க மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன். இன்னிக்குக் காலைல, சார் ஷேவ் பண்ண எந்தப் பக்கம் லைட் வைக்கலாம்னு கேக்குறீங்க. இதுக்கு மேல என்னால முடியல."

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை, அவள்மேல் வந்தது.

"மூணு வாரமா தெரிஞ்சிருந்தும் என்கூட உக்காந்து கலர் பாத்தியா?"

அவள் அழுதாள். வெளியே போ என்றேன். போய்விட்டாள்.

அங்கேயே உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன். மறுக்கவில்லை. "நாம ரெண்டு பேரும் சேந்து இருந்து பழக்கமே இல்ல. இனிமே வந்து பழக முடியும்னு எனக்குத் தோணல" என்றார்.

"அங்க யாரும் இருக்காங்களா?"

"இருக்காங்க" என்றார்.

நான் கேட்டது யாரோ ஒருத்தர் என்ற பொருளில். அவர் சொன்னது ஒருத்திக்குத் தந்த மரியாதை. இருபத்தைந்து வருடமாகத் தமிழ் சொல்லிக் கொடுப்பவளுக்கு அந்த வித்தியாசம் புரியாமல் போகவில்லை.

ஒன்றரை மாதம் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. டிசைனரின் போனையும் எடுக்கவில்லை. நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்கார அம்மா, தண்ணீர் பிடிக்க வரும்போதெல்லாம், "சாரு எப்ப வாராங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பயந்து, சீக்கிரம் அங்கிருந்து குடிபெயரத்தான் டிசைனரை மறுபடியும் வேலையைத் தொடங்கச் சொன்னேன். அவளும் வந்தாள். நடந்ததைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவருக்கு என்று ஒதுக்கியிருந்த பாதிச் சுவரில், என்னிடம் கேட்காமலேயே புத்தக அடுக்கு செய்திருந்தாள். அது சரியாகத்தான் இருந்தது. நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பால் காய்ச்சிய அன்று, அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று உறவுக்காரர்களிடம் சொல்லி வைத்திருந்தேன். மகளுக்கு மட்டும் விஷயம் தெரியும். என் நாத்தனார் வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணனுக்குன்னு அலமாரி எதுவும் போடலையா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் டிசைனர், "இங்கிட்டு வாங்கம்மா, பூஜை ரூமப் பாருங்க" என்று அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மறு வருடம் அவளுக்குக் கல்யாணம். பத்திரிகையோடு நேரில் வந்தாள். "நீங்க கண்டிப்பா வரணும் மேடம்" என்றாள். வருகிறேன் என்றுதான் சொன்னேன். அன்று பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். திருச்சி பஸ்கள் ஒவ்வொன்றாக வந்து போயின. ஏறவில்லை.

என் வாழ்க்கை முடிந்துபோனது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அதில் அவள் தப்பு எதுவும் இல்லை. அவள்தான் எனக்கு உண்மையைச் சொன்னாள். இவ்வளவும் தெரிந்தும், மணமேடையில் நிற்கும் அவள் எதிரே போய், நல்லா இரு என்று சொல்ல என்னால் ஆகவில்லை.

வீட்டுக்குத் திரும்பி, புடவையை மாற்றாமலேயே உட்கார்ந்து பரீட்சைத் தாள்களைத் திருத்தினேன். அவளிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.