கொடைக்கானல் ஏரியில் நனைந்த அரக்குப் பட்டு

ஆரணியில் பட்டு வணிகம் செய்யும் எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பி.ஏ. முடித்தவன் நான். ஊரில் என் சொல்லுக்கு மதிப்புண்டு. எழுபதுகளின் இறுதியில் மனைவியுடன் கொடைக்கானல் சென்றிருந்தேன். எங்கள் தறியில் நெய்த அரக்குநிறப் பட்டையே அவள் உடுத்த வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஏரியில் துடுப்புப் படகை நானே செலுத்தினேன். நடு ஏரியில் திடீரெனக் காற்று வீசி, படகுக்குள் நீர் தெறித்தது. சாயம் ஜரிகையில் இறங்கிவிடுமோ என்று பதறி, அவளது முந்தானையைத் தூக்கிப் பிடிக்க எழுந்தேன்.

"உக்காருங்க! பொடவ போனா இன்னொண்ணு நெய்துக்கலாம், நீங்க போனா?" என்று அவள் கத்தும்போதே படகு சாய்ந்தது. நான் நீரில் விழுந்தேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவள் குனிந்து முந்தானையை வீசினாள். அதைப் பற்றிக்கொண்டு படகின் விளிம்பைப் பிடித்தேன்.

"இப்ப மட்டும் நனைஞ்சா பரவால்லியா?" என்றாள், முந்தானையை விடாமல். பக்கத்துப் படகுக்காரர் வந்து என்னைத் தூக்கினார்.

அதன்பின் வெளியூர்ப் பயணங்களில் அவள் பருத்திப் புடவைதான் உடுத்துகிறாள். படகில் நான் எழுந்திருப்பதில்லை.

அன்று புடவையின் சாயம் கரைந்துவிட்டதாகக் கடைத்தெருவில் சிலர் சொல்கிறார்கள். அது பொய். ஒரு சொட்டும் கரையவில்லை.