கடைசி ஆட்டுக்குட்டி

எங்கள் குடும்பத்தில் சினிமா டைரக்டர் என்றால் அம்மாவின் தம்பியான சின்ன மாமாதான். திண்டுக்கல்லில் செல்போன் கடை வைத்திருந்தார். நான் மூன்றாம் வகுப்பு படித்த வருடம், மறைக்கல்வி வகுப்பில் நாங்கள் பாடிய கிறிஸ்துமஸ் பாட்டைத் தன் போனிலேயே படமாக எடுக்கப்போவதாக அறிவித்தார். கிறிஸ்துமஸ் அன்று மாலை லோக்கல் கேபிளில் வரும் என்றதும் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை.

பாட்டில் ஆடுகள் எல்லாம் பாலன் இயேசுவைப் பார்க்க ஓடும். கடைசிக் குட்டி மட்டும் பிந்தி வந்து, "நானும் வாரேன், நில்லுங்க" என்று கத்தும். நான் சிறகு கட்டிய சம்மனசு, தேவதூதர் வேடம். ஐந்து வயதான என் தம்பிதான் அந்தக் கடைசிக் குட்டி. உடம்பெல்லாம் பஞ்சு ஒட்டி, செம்பட்டிப் பக்கம் ஒரு சோளக்காட்டில் ஓடவிட்டார்கள். வரப்பில் விழுந்து எழுந்து, சிரித்துக்கொண்டே கத்தினான். அதுவே நன்றாக இருக்கிறது என்று மாமா வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போனவன் உயிரோடு திரும்பவில்லை.

துக்க வீடு என்பதால் எங்கள் வாசலில் ஸ்டார் கட்டவில்லை. கேரல் பாட வந்தவர்கள் மேளத்தை நிறுத்திவிட்டு, கிறிஸ்துமஸ் தாத்தாவோடு சத்தமில்லாமல் எங்கள் வீட்டைத் தாண்டிப் போனார்கள். எனக்கு அழுகையாக வந்தது. சோறு இறங்காமல் கிடந்த அம்மா என்னிடம் ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள்: "பாட்டு என்னைக்குப் போடுறாக?" தம்பியின் போட்டோக்கள் வீட்டில் இருந்தன. அவன் ஓடுவதும் அவன் குரலும் அந்தப் பாட்டில்தான் இருந்தன.

கிறிஸ்துமஸ் மாலை அம்மா குளித்து, தலைசீவி, டிவி முன்னால் உட்கார்ந்தாள். வேண்டாம் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். பாட்டு வந்தது. ஆடுகள் ஓடின. கடைசிக் குட்டி வரவேண்டிய இடத்தில் நான் சிறகை அசைத்துக்கொண்டு நின்றேன். பாட்டு முடிந்துவிட்டது.

சற்று நேரத்தில் மாமா வந்தார்.

"எங்கடா என் பிள்ள?" என்றாள் அம்மா.

"பாத்தா நீ தாங்க மாட்டியேன்னு நாந்தேன் வெட்டிட்டேன்க்கா."

"வெட்டுனத வச்சிருக்கியா?"

மாமா குனிந்துகொண்டார். "போன்ல எடம் பத்தலக்கா. அழிச்சுட்டேன்."

அம்மா அழவில்லை. திட்டவும் இல்லை. "சரி, சாப்டியா?" என்று கேட்டு, பக்கத்து வீட்டிலிருந்து வந்த இட்லியை அவருக்குத் தட்டில் வைத்தாள். மாமாதான் தேம்பித் தேம்பி அழுதார். அம்மாவுக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று எண்ணி, அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.