ஒரே நிறத்தில் ஒரு சால்வை

லேப் சார் வீட்டு மாடி அறைக் கதவை முழுதாகத் திறக்க முடியவில்லை. பாதி திறந்ததுமே உள்ளிருந்து ஒரு கம்பளி நூல்கண்டு உருண்டு வந்து என் காலடியில் நின்றது. நல்ல கிளிப்பச்சை. அதன் நுனியில் கட்டியிருந்த துண்டுச் சீட்டில் ‘6’ என்று எழுதியிருந்தது. அது என்ன எண் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இராஜபாளையத்து மில் லேபில் பதினோரு வருடம் அவருக்குக் கீழே நூல் பரிசோதனை செய்தவள் நான். அது கவுண்ட், நூலின் பருமனைச் சொல்வது, எண் கூடக் கூட நூல் மெலியும். பருத்தி நூலுக்குப் போடுகிற கணக்கை இந்த மனிதர் ஸ்வெட்டர் நூலுக்கும் போட்டு வைத்திருக்கிறாரே என்று சிரிப்புதான் வந்தது.

இந்த வெயிலுக்குக் கம்பளி எதற்கு என்று ஸ்ரீவில்லிபுத்தூரில் அவரைக் கேட்காதவர்கள் இல்லை. ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்க மறுத்ததாம். செல்போனில் வீடியோ பார்த்துப் பின்னக் கற்றுக்கொண்டார். கடைவீதியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருந்த பாய் கம்பளி நூல் விற்பதை நிறுத்தியபோது, மிச்சமிருந்த சரக்கு முழுவதையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். அதன்பிறகு அந்த அறைக்குள் மனிதர் புழங்க வழியில்லை. முதல் பிரசவத்துக்கு மகள் வெள்ளிக்கிழமை வருகிறாள், அவளுக்கு அந்த அறைதான் என்றானதும் அவர் மனைவி எனக்கு போன் செய்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். “எம்மா, நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ. நான் சொன்னா அவிய காதுல ஏறாது. ஒரு டிரங்குப் பெட்டி வச்சுக்கிடட்டும், மிச்சமெல்லாம் தையல் பள்ளிக்குக் குடுத்துரணும்” என்றார். நான் போனது பாதி உதவிக்கு. மீதி, அந்த அறையில் அப்படி என்னதான் இருக்கிறது என்று பார்க்கிற ஆசையில்.

மில்லில் அவரைக் கண்டால் எல்லோருக்கும் நடுக்கம். எங்கள் மில்லில் ஓடியது எல்லாமே வெள்ளை நூல். ஒரு கவுண்ட் இன்னொன்றோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நிற டியூபில் சுற்றுவார்கள். பச்சை டியூப் என்றால் இன்ன கவுண்ட், சிவப்பு என்றால் இன்னது. சேர்ந்த முதல் மாதத்தில் நான் டியூபின் நிறத்தைப் பார்த்து நேராக ரிப்போர்ட் எழுதிவிட்டேன். சார் அந்தத் தாளை என் முகத்துக்கு நேரே கிழித்தார். “கலரைப் பாக்காத. கையால பாரு” என்றார். பிறகு கண்ணை மூடி, இரண்டு விரலுக்கு நடுவில் நூலை உருட்டி, கவுண்டைச் சொன்னார். மெஷினும் அதையேதான் சொன்னது. அன்று அழுதேன், அதற்கப்புறம் வருகிறவர்களிடமெல்லாம் அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இன்று லேபில் எல்லாம் கம்ப்யூட்டர்தான். ஆனாலும் பச்சை டியூபைப் பார்த்தால் என் கை தானாகவே போய் நூலைத் தொட்டுப் பார்க்கிறது.

காலையிலிருந்து நாங்கள் இருவரும் நூலைப் பிரித்தோம். எட்டாம் நம்பர் ஒரு சாக்கு, ஆறாம் நம்பர் ஒரு சாக்கு, நாலு ஒரு சாக்கு. சிவப்பும் பச்சையும் காவியும் ஒன்றாகக் கிடந்தது எனக்கு உறுத்தவேயில்லை. கவுண்ட் கலக்கவில்லை, அதுபோதும் என்றிருந்தேன். மதியம் மோர் கொண்டுவந்த அக்காதான் வாசலிலேயே நின்றுவிட்டார். “மில்லுக்காரவிய புத்தி போகுதா பாரு! உல்லன் நூலை யாராச்சும் கலரு பாக்காம பிரிப்பாவளா? இதை வாங்கிட்டுப் போறவிய என்ன செய்வாவ?” எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சார் மோரைக் குடித்துவிட்டு டம்ளரை வெகுநேரம் கையில் வைத்திருந்தார்.

எல்லாவற்றையும் மறுபடி கொட்டி நிறம்நிறமாகப் பிரித்தோம். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். நீலமும் மஞ்சளும் கேட்டால் டக்கென்று எடுத்துக் கொடுப்பவர், “அந்தச் செகப்பை எடுங்க சார்” என்றால் காவியை எடுத்தார். இன்னொரு தடவை பச்சையை. வயசாகிவிட்டது, கண்ணாடி மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். மாலைக்குள் ஒன்பது சாக்கு தையல் பள்ளிக்கென்று படியிறங்கியது. ஒரு டிரங்குப் பெட்டி மட்டும் அறையில் நின்றது.

அக்கா கீழே போனதும் அவர் ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து ஒரு சால்வையை உருவி என் மடியில் போட்டார். “மகளுக்கு. மார்கழிக் குளிரு வருதுல்லா. ஒரே கலரு, காப்பிப்பொடிக் கலரு. அவ அம்மாவுக்கே இன்னும் காட்டல” என்றார். ஒரு கண்ணி தவறவில்லை. அவ்வளவு சீரான பின்னல். ஆனால் செங்கல் சிவப்பும் பாசிப்பச்சையும் காவியும் திட்டுத்திட்டாக மாறி மாறி வந்தன.

“எம்புட்டு கலரு சார்!” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

அவர் முகம் மாறியது. “எம்புட்டு?” என்று கேட்டார். சும்மா கேட்கவில்லை, அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. “மூணு சார்” என்றேன். கிழித்த அந்த ரிப்போர்ட், மூடிய அந்தக் கண், ‘கையால பாரு’, எல்லாம் ஒரே நொடியில் எனக்குப் புரிந்தன. அன்று நான் அழுததை நினைத்துக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அந்தக் கோபம் ஒரு நிமிஷம்தான். முப்பது வருடம் பச்சை டியூபுக்கும் சிவப்பு டியூபுக்கும் நடுவில் ஒரு மனிதர் எப்படிப் பயந்து பயந்து வேலை பார்த்திருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன்.

“தெரிஞ்சா லேப்ல வச்சிருப்பாவளா? நான் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்ட ஒருத்தன் நம்புவானா?” என்றார். “கீழ இருக்காளே உங்கக்கா, அவளுக்கும் தெரியாது. சொல்லிராத.” பிறகு சால்வையின் கடைசி முடிச்சைத் தேடி அவிழ்த்து இழுக்கத் தொடங்கினார். “என் மக இதைப் போத்திட்டு வாசல்ல நின்னா ஊரே கேக்கும்.” வேண்டாம் சார் என்று கையைப் பிடித்தேன். கேட்கவில்லை. நான்கு வரிசை போய்விட்டது.

டம்ளர் எடுக்க வந்த அக்கா அதைப் பார்த்துப் பதறிவிட்டார். “என்னத்துக்குப் பிரிக்கிய? எம்புட்டு அழகா மூணு கலருல போட்டிருக்கிய!”

அளவு தப்பிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா நம்பிவிடுவார். சொல்லிவிடுவார் என்றுதான் நானும் எதிர்பார்த்தேன். சார் நூலை இழுப்பதை நிறுத்தினார்.

“அது மூணு கலருன்னு எனக்குத் தெரியாதுட்டி. செகப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுபோலதான். பொறந்ததுலேருந்தே.”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தார். அவிழ்ந்து கிடந்த நூலை எடுத்து விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். நான் எழுந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

“ஏட்டி” என்றார் சார். லேபில் நான் ஒருநாளும் கேட்டிராத குரல். “நம்ம கல்யாணத்தன்னைக்கு நீ என்ன கலருல பொடவை கட்டியிருந்த?”

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அரக்கு” என்றார். “கரை மட்டும் பச்சை.”