சித்தியின் பேருக்கு நான் சொன்ன பதில்

மடத்தில் சேர்ந்து கன்னியாஸ்திரி ஆகப் போவதாகச் சித்தி சொன்ன அன்று எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. எல்லோரும் சிரித்தோம். சிரிக்காமல் என்ன செய்வது? ஜெபமாலை நடுவில் கோழி ஒன்று வாசலில் எட்டிப் பார்த்தால்கூட, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்குகிறவள் அவள். "இவ போய்ச் சேந்தா, மடத்தைப் பூட்டிட்டு மத்தவுக எல்லாம் ஊருக்குக் கெளம்பிருவாக" என்றாள் அம்மா.

சித்தி அம்மாவின் தங்கை. சித்திரபுரத்துக்கு மேலே இருந்த தேயிலை எஸ்டேட்டில் எங்களோடு லயத்து வீட்டில்தான் இருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே மலையில் கொழுந்து எடுத்தார்கள். எமர்ஜென்சிக்குக் கொஞ்சம் முந்திய காலம். எனக்கு மூன்றாம் வகுப்பு, வாயோ எட்டாம் வகுப்பு.

அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சாமி உன்னைக் கூப்பிட்டது தமிழிலா, மலையாளத்திலா? கேட்டதில் நியாயம் இருந்தது. எஸ்டேட்டில் எங்களுக்கு மேலே இருந்தவர்களில் பாதிப் பேர் மலையாளம்தான் பேசினார்கள். மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து பூசை வைக்கும் சாமியாரும் அப்படித்தான். அவர் இந்த அழைப்பைத் தெய்வவிளி என்பார். தெய்வம் ஒவ்வொருவரையும் பேர் சொல்லி விளிக்கும், காது கொடுத்தால் கேட்கும் என்று பிரசங்கம் வைத்தார். விளிப்பது என்றால் கூப்பிடுவது என்று எங்கள் மலையில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

பேர் சொல்லிக் கூப்பிடுவது என்றால் எனக்குத் தெரிந்தது பெரட்டு ஒன்றுதான். விடிந்தும் விடியாத பனியில் எல்லோரும் களத்தில் நிற்க, கங்காணி பேர் வாசிப்பார். பேருக்குரியவள் "இருக்கேன்" என்றால் வேலை உண்டு. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி வர நேரமானால், பக்கத்து வீட்டுக்காரி குரலை மாற்றி அவளுக்கும் சேர்த்து "இருக்கேன்" என்பாள். பனிக்குள் முகமா தெரியும்? கங்காணி அடுத்த பேருக்குப் போய்விடுவார்.

இதற்கிடையில் சித்திக்கு ஒரு மாப்பிள்ளை வந்திருந்தார். பவர் ஹவுஸில் வேலை. நல்ல மனிதர், எனக்குக் கடலை மிட்டாய் வாங்கித் தந்தார் என்பதற்காகச் சொல்லவில்லை. அவரைக் கட்டினால் சித்தி கூப்பிடு தூரத்தில் இருப்பாள். மடமோ மலைக்குக் கீழே, ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் போகவேண்டிய இடம். சித்தியின் போர்வைக்குள் படுத்துத்தான் எனக்குத் தூக்கமே வரும். அவள் போனால் நான் எங்கே போவது?

சித்திக்கும் நிச்சயம் இல்லை என்பதுதான் எனக்கிருந்த ஒரே நம்பிக்கை. சாமி எப்படிக் கூப்பிடும் என்று ஒருநாள் விறகு பொறுக்கும்போது கேட்டேன். அவள் கையிலிருந்த சுள்ளியை இரண்டாக ஒடித்தாள்.

"தெரியலட்டி. செல நாளு உள்ளுக்குள்ள கேக்குற மாதிரியே இருக்கு. செல நாளு, நம்மளா நெனச்சுக்கிட்டமோன்னு இருக்கு" என்றாள்.

அடுத்த பூசைக்கு மடத்துத் தலைவியான தாயாரும் வருவதாக இருந்தது. சித்தி சாமியாரிடம் பேர் கொடுத்திருந்தாள். பூசை முடிவில் பேர் வாசிப்பார், எழுந்து வந்தால் மடத்துக்கு, வராவிட்டால் ஏன் என்று ஒருவரும் கேட்கக் கூடாது. அப்படித்தான் ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டாரும் அதுவரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

எனக்குப் பளிச்சென்று யோசனை வந்தது. சித்தியின் பேருக்கு நான் "இருக்கேன்" சொல்லிவிட்டால் சாமியின் கணக்கு முடிந்துவிடும், அவர் அடுத்த பேருக்குப் போய்விடுவார். என்னை மடத்துக்குக் கொண்டுபோனால்? மூன்றாம் வகுப்பை வைத்துக்கொண்டு அவர்கள் என்ன செய்வார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள். எவ்வளவு கெட்டிக்காரி நான்!

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஊசி விழ இடமில்லை. முதலில் ஒரு பெண்ணின் பேர், அவள் அழுதுகொண்டே போனாள். அடுத்தது சித்தியின் பேர். சித்தி எழவில்லை. முழங்காலில் நின்றபடி முகத்தைக் கைகளில் புதைத்திருந்தாள். சாமியார் இன்னொரு தரம் வாசித்தார். சாமியார் சரி என்பதுபோல் தாளைப் புரட்டப் போனார்.

அந்த நேரம் பார்த்து நான் எழுந்து, தொண்டையைக் கனைத்து, பெரிய மனுஷி குரலில் "இருக்கேன்" என்றேன்.

கோயிலே சிரித்தது. மடத்துத் தாயாரும் சிரித்தார். சிரிக்காதவள் சித்தி மட்டும்தான். விருட்டென்று நிமிர்ந்தாள். அவளை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததே இல்லை. என் தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளி, கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்துவிட்டு எழுந்து நின்றாள்.

"அது எம் பேரு சாமி. நாந்தான் இருக்கேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்து போனாள்.

வெளியே வந்ததும், பவர் ஹவுஸுக்கு யார் போய்ச் சொல்வது என்று அப்பா பீடியைப் பற்றவைத்தபடி கேட்டார். சித்தி அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "இவ எந்திரிச்சு நின்னப்ப வந்துச்சு பாருக்கா ஒரு கோவம். என்னைக் கூப்பிட்டா இன்னொருத்தி எப்படிப் போவான்னு. அப்பத்தான் தெரிஞ்சது" என்றாள். என்ன தெரிந்தது என்று அம்மா கேட்கவில்லை. அவளும் அழுதுகொண்டே சிரித்தாள்.

எனக்கோ தொடை எரிந்தது. இந்தச் சித்திக்காகவா இவ்வளவு பாடுபட்டோம் என்று வயிற்றெரிச்சலாக இருந்தது. அவள் பஸ் ஏறிய அன்றுகூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் நின்றேன். போகிறவள் என்னை எதற்கு அப்படிக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள், எதற்கு எனக்குப் போய் நன்றி சொன்னாள் என்று ஒன்றும் விளங்கவில்லை.